பத்தனைக்கு மேலே ஜீப் ஏற்றலாமா?

(காணி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல் உத்தியோகத்தர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: சேர், அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறேன். லீசிங்கில் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் எடுத்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து வரும் ஆட்களை எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் பத்தனைக்கு, அதாவது மலைப் புல்வெளிக்கு, கூட்டிக்கொண்டு போவேன். கூடாரம் அடித்துத் தங்குவார்கள். சிலர் தங்கள் ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து அங்கேயே ஓஃப் ரோட் ஓடுவார்கள். போன மழையோடு எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சேற்றுத் தண்ணீர் வந்ததென்று சனங்கள் பாதைக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு மறித்துவிட்டார்கள். வன இலாகா ஆள் ஒருவரும் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். "அது அரசாங்கக் காணி. அரசாங்கக் காணி என்றால் மக்கள் காணி. அமெரிக்காவில் எல்லாம் திறந்து விட்டிருக்கிறார்கள், இங்கே மட்டும் யார் தடுக்க முடியும்?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 200 வருடமாக இந்த மலையை வெட்டித் திருத்தியது நம்ம ஆட்கள். ஒரு பேர்ச் காணிகூட நம் பெயரில் இல்லை. இப்போது பாதையில் ஓடவும் கூடாதா? மரத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஓடலாமா? தொழிலை விட்டுவிடவா?

பதில்: தம்பி, மரத்தைத் தொடாதீர்கள். அந்தப் பாதை யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது, மறித்தவர்களுக்கும் தெரியாது. தெரியாத பாதையில் இரவோடு இரவாக மரத்தைத் தள்ளிவிட்டு ஓடினால், நாளை பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது உங்கள் பெயர்தான் முதலில் வரும். கொழும்புக்காரர்கள் திங்கட்கிழமை கொழும்பில் இருப்பார்கள். நீங்கள் அதே லயத்தில் இருப்பீர்கள். மறித்தவர்களில் உங்கள் பெரியம்மாவும் ஒருவராக இருக்கக்கூடும்.

தொழிலை விட வேண்டியதில்லை. ஆனால் ஜீப்பைப் பத்தனைக்கு மேலே ஏற்றுவதை விட வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். எனக்கு இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள்.

முதலில் "அரசாங்கக் காணி" கதையைப் பார்ப்போம். இலங்கையின் நிலப்பரப்பில் 80 வீதத்துக்கும் மேல் அரச காணிதான். அந்தக் கணக்கில் நீங்கள் தினமும் பார்க்கும் தேயிலை மலையும் அரச காணிதான். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. நிர்வாகமும் குத்தகையும் கைமாறினவே தவிர, நிலத்தின் உரிமை அரசிடமே இருக்கிறது. ஆனாலும் கொழுந்து மலைக்குள் ஜீப்பை விட்டு ஓட்டலாம் என்று உங்கள் விருந்தாளிகளில் யாராவது நினைப்பார்களா? மாட்டார்கள். அங்கே செடி இருக்கிறது, கங்காணி நிற்கிறார். பத்தனையில் செடியும் இல்லை, கங்காணியும் இல்லை. வெறும் மானாப்புல். சும்மா கிடக்கும் நிலம் என்று கண்ணுக்குப் படுகிறது, அவ்வளவுதான்.

நம் மலையில் லயத்திலிருந்து உச்சிக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்குள் மூன்று, நான்கு பொறுப்பாளர்களின் எல்லையைக் கடந்துவிடலாம். கீழே கம்பனியின் குத்தகைக் காணி. அதற்கு மேலே கைவிட்ட தேயிலை இருந்தால் அதுவும் கம்பனியுடையதாக இருக்கலாம், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுடையதாகவும் இருக்கலாம். ஓடை வந்தால் இரு கரையிலும் ஒதுக்கு நிலம். அதற்கும் மேலே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடு. ஒஹிய பக்கமாக இன்னும் ஏறினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஹோட்டன் சமவெளி. இவற்றில் எதிலும் சேராத துண்டுகள் பிரதேச செயலாளரின் பொறுப்பில் வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு அதிகாரி. வன இலாகா ஆள் உங்களைத் தேடி மலையேறி வந்திருக்கிறார் என்றால், பத்தனையின் ஒரு பகுதியாவது அவர்களுடைய வரைபடத்துக்குள் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்வேன். எல்லைக் கல் இருக்கிறதா என்று புல்லுக்குள் தேடிப் பாருங்கள். பல இடங்களில் கல் இருக்கிறது, புல்தான் மூடியிருக்கிறது.

ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசிய பூங்காவானது. சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸும் அதோடு சேர்ந்து, 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அங்கே வாகனம் போகிறதே என்பீர்கள். போகிறதுதான். பட்டிப்பொலவிலிருந்து ஒஹிய வரை தார் ரோட்டு அதற்குள்ளாலேயே ஓடுகிறது. வாகனத்தைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு உலக முடிவுக்கு எல்லோரும் நடந்துதான் போகிறார்கள், மந்திரிமாரும் சரி, மாணவர்களும் சரி. ஜீப்பிலேயே சுற்றிக்காட்டும் யாலவிலும் தடத்தை விட்டு ஒரு சில்லுகூட இறங்கக்கூடாது என்பதுதான் விதி. ஆகவே "வாகனம் போகலாமா, கூடாதா" என்பது இங்கே உண்மையான வழக்கே இல்லை. எந்தத் தடத்தில், எது வரைக்கும் என்பதுதான் வழக்கு.

அமெரிக்காவுக்கு வருவோம், ஏனென்றால் அந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டுத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பொதுநிலம் மிகப் பரந்தது, ஓஃப் ரோட் ஓடுகிறவர்களும் ஏராளம். 1960களில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் பெருகி, நினைத்த இடமெல்லாம் தடம் விழ ஆரம்பித்ததும் சண்டை மூண்டது. 1972இல் ஜனாதிபதி நிக்சன் ஒரு நிறைவேற்று ஆணை போட்டார். எந்த நிலத்தில், எந்தப் பாதையில் ஓடலாம் என்று குறித்துக் கொடுங்கள், குறிக்கும்போது மண், நீரேந்து பகுதி, தாவரம், விலங்கு, அங்கே வரும் மற்ற மனிதர் ஆகியோருக்கு ஏற்படும் பாதிப்பைக் குறையுங்கள் என்பது அதன் சாரம். 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் அதை இறுக்கினார்: பெரிய பாதிப்பு தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடலாம். 2005இல் அவர்களுடைய வன சேவை ஒரு படி மேலே போய், வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டுமே மோட்டார் வாகனம் என்று ஆக்கிவிட்டது. முன்பெல்லாம் "மூடப்பட்டது" என்று பலகை இல்லாவிட்டால் திறந்திருப்பதாக அர்த்தம். பிறகு வரைபடத்தில் இல்லாவிட்டால் மூடியிருப்பதாக அர்த்தம். முழுக்கத் திறந்துவிட்ட இடங்களும் உண்டு. அவற்றில் சில, கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளின் பெரும் பகுதியைப் போல, காற்று தடத்தை அழித்துவிடும் இடங்கள். அதே கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சியில் யுத்த தாங்கிகள் ஓடிய தடம் இன்னமும் தெரிகிறது. அங்கேயும் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஓடுகிறவர்கள் பாதை போதாது என்று வழக்குப் போடுகிறார்கள், எதிர்ப்பவர்கள் பாதை அதிகம் என்று வழக்குப் போடுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். நமக்கு அந்த வரைபடமே இல்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சட்டமல்ல, பீலியில் வந்த சேறு.

ஒரு வேலை செய்யுங்கள். மேசன் பாவிக்கும் மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பத்தனைக்கு நடந்து போங்கள். சில்லுப் படாத புல்லுக்குள் கம்பியைக் கையால் குத்துங்கள். மழை பெய்து ஓரிரு நாளாகியிருந்தால் ஒரு சாண் வரை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிறகு ஜீப் அடிக்கடி ஓடிய தடத்தில் குத்துங்கள். இரண்டு விரல் ஆழத்தில் நின்றுவிடும். இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு அடி தூரம்தான் இருக்கும், ஆனால் அது இரண்டு வேறு நிலம். உயரமான ஈரப் பத்தனையின் மேல்மண் கறுப்பு நிறம், மக்கிய வேர் நிறைந்தது, குளிரில் மிக மெதுவாக உண்டானது. அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள்தான் மழையைக் குடிக்கின்றன. ரொட்டிக்குப் பிசைந்த மாவைப் பெருவிரலால் அழுத்தினால் எப்படி அழுந்திய மாதிரியே இருக்குமோ, அப்படித்தான் ஈரத்தில் சில்லு ஏறிய பத்தனையும். அது எழும்பி வராது.

அடுத்த மழைக்கு அந்தத் தடம் குடிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீற்றர் நீளத் தடம், சில்லு ஒவ்வொன்றும் 40 சென்ரி மீற்றர் அகலம் என்றால் இரண்டு தடமும் சேர்ந்து 320 சதுர மீற்றர். ஒரு மாலையில் 50 மில்லி மீற்றர் மழை பெய்தால், அந்தத் தடத்துக்குள் நேராக விழுவது மட்டும் 16,000 லீற்றர். ஒரு பெரிய தண்ணீர் பவுசர் நிறையும். மேலே சரிவிலிருந்து வழிந்து வந்து தடத்தில் சேருவதை இதில் சேர்க்கவில்லை. புல்லுக்குள் விழுந்திருந்தால் இந்தத் தண்ணீர் பரவி, இறங்கி, சில வாரம் கழித்து ஊற்றில் தெளிந்து வந்திருக்கும். தடத்துக்குள் விழுந்ததால் ஒரே ஓட்டமாகக் கீழே வருகிறது. வரும்போது கறுப்பு மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கும் ஊற்று அந்தச் சரிவின் மடியில் இருந்தால், சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் என் சொல்லை நம்ப வேண்டாம். மழை பெய்யும்போது குடையோடு ஊற்றுக்குப் போய், கலங்கல் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்று பின்னாலேயே ஏறிப் பாருங்கள். மரக்கறித் தோட்டத்திலிருந்து வந்தால் அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேயிலை மலையில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுவதை நீங்கள் பார்த்து வளர்ந்தவர். கான் ஏன் மலைக்குக் குறுக்கே போகிறது, ஏன் 120 அடிக்கு ஓர் அடி என்கிற அளவில் மெல்லச் சரிகிறது, இடையிடையே ஏன் மண்ணைத் தேக்கும் தடுப்பு வைக்கிறார்கள்? தண்ணீர் ஓடக்கூடாது, நடந்துதான் போகவேண்டும் என்பதற்காக. நம் பாட்டன்மார் அலவாங்கும் மண்வெட்டியும் வைத்து வெட்டிய அந்தக் கான்கள்தான் இத்தனை செங்குத்தான மலையில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஓஃப் ரோட் ஓட்டத்தில் ரசிக்கப்படுவது இதற்கு நேர் எதிரானது. நேராக மேலே, எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு கைதட்டல். ஜீப் நேராக ஏறிய இடத்தில் தண்ணீர் நேராக இறங்கும். நீங்கள் மேலே வெட்டுவது தலைகீழான கான்.

சேறு அதிகமாகி ஜீப் புதைந்தால் அடுத்தவர் பக்கத்துப் புல்லில் ஒதுங்கிப் போவார். அங்கேயும் புதைந்தால் மூன்றாவது தடம். ஒரு தடம் நான்காகிறது இப்படித்தான். சில மாதம் ஓடாமல் விட்டால் பச்சை முளைத்துவிடுகிறதே, ஆறிவிட்டதே என்பார்கள். முளைப்பது பெரும்பாலும் களை. பச்சைக்குக் கீழே பள்ளம் அப்படியே இருக்கும், அடுத்த ஐப்பசி மழை அதே பள்ளத்தைத்தான் தேடிவரும்.

ரிவர்ஸ்டன் பக்கம் பிட்டவல பத்தனையைப் பார்த்திருப்பீர்கள், அல்லது படத்திலாவது. அங்கே பாறைக்கு மேலே மெல்லிய மண் படலம், அதில் கட்டைப் புல். நக்கிள்ஸில் மட்டுமே வாழும் பாறைத் தவளை இனம் ஒன்று, அந்த ஈரப் பாறையை நம்பித்தான் பிழைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிற்பகல் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால், உரிந்து வந்த மண்ணை மறுபடி ஒட்ட யாராலும் முடியாது.

மண்சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்தோம். ஜீப் ஓடியதால் மலை சரிகிறது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது பொய். சரிவுக்குக் காரணங்கள் ஆழமானவை. ஆனால் சரிவின் உச்சியில் தண்ணீரை ஒரே கோட்டில் சேர்த்து, வெடிப்புள்ள நிலத்துக்குள் விடுவது நல்லதல்ல என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கூட்டத்துக்கு ஒரு தடவை போன எந்தக் கிராம உத்தியோகத்தருக்கும் தெரியும். பத்தனையில் பிறை வடிவில் வெடிப்பு ஏதாவது கண்டால் ஜீப் பேச்சை விடுங்கள், உடனே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் மனதுக்குள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். நுவரெலியாப் பக்கத்தில் உருளைக்கிழங்குக்கும் கரட்டுக்கும் செங்குத்துச் சரிவைக் கொத்திப்போட்டு அவ்வளவு மண்ணையும் ஆற்றுக்கு அனுப்புகிறார்களே, ஹோட்டலுக்கு மலையை வெட்டுகிறார்களே, சின்ன நீர்மின் திட்டத்துக்கு ஓடையையே குழாய்க்குள் போடுகிறார்களே, அவர்களை விட்டுவிட்டு என் ஒரு ஜீப்பைப் பிடிக்க வருகிறார்களா? நியாயமான கேள்வி. 1951ஆம் ஆண்டிலிருந்து மண் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை எவ்வளவு தூரம் நடைமுறைப்படுத்தினோம் என்று என் சகாக்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். மொத்த மண்ணிழப்பில் ஜீப்பின் பங்கு, மரக்கறிச் செய்கையின் பங்கோடு ஒப்பிட்டால் சிறிதென்பதுதான் என் அபிப்பிராயமும். ஆனால் ஜீப் போகும் இடம் வேறு. கரட் பாத்தி சரிவின் நடுவில் இருக்கிறது, உங்கள் தடம் ஊற்றுக்குத் தலைமாட்டில் இருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுப்பது ஹோட்டன் சமவெளியும் அதைச் சுற்றிய மேட்டுநிலமும். 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டாதீர்கள் என்று இலங்கை அரசுக்கு எழுதினார். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையை மொட்டையடித்துக்கொண்டிருந்த அதே வெள்ளைக்காரன், தன் தோட்டத்துக்கே தண்ணீர் வற்றிவிடும் என்ற பயத்தில்தான் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டான் என்று நான் நினைக்கிறேன். பயம் எதனால் வந்தாலும், இன்று நம் பீலியில் தண்ணீர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

200 வருடக் கதைக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். நம்ம ஆட்களை இந்த மலைக்குக் கூட்டிவரத் தொடங்கிய 1823இலிருந்து கணக்கெடுத்தால் அது சரியாகத்தான் இருக்கிறது. பேர்ச் கணக்கும் சரி. தோட்டப் பாதைகளுக்கு மக்களின் வரிப்பணத்தைச் செலவழிக்கக்கூட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் இடம்கொடுக்காமல் இருந்து, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரைக்கும் குழியில் விழுந்து எழும்பியது நம்ம சனங்கள். ஆனால் தம்பி, அந்தக் கோபத்தை யாருடைய ஜீப்புக்குப் பெற்றோலாக ஊற்றுகிறீர்கள்? உங்கள் கடிதத்தின்படி மேலே ஓடுகிறவர்கள் வேறு ஆட்கள். பீலியில் சேற்றைப் பிடித்து, துணியால் வடிகட்டி, தேத்தண்ணி ஊற்றுகிறவர்கள் நம்ம ஆட்கள். மரத்தைப் போட்டு மறித்ததும் காணி உரிமைக் குரல்தான். நீங்கள் அதை எதிர்ப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓஃப் ரோட் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் சொல்ல மாட்டேன். ஈரத்தில் ஏறமாட்டோம், தடத்தை விட்டு இறங்கமாட்டோம் என்று கட்டுப்பாட்டோடு ஓடுகிறவர்களைத் தெரியும். வெள்ளத்திலும் மண்சரிவிலும் அரசாங்க வாகனம் போகமுடியாத இடத்துக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கெடுப்பது, வீடியோவுக்காக வருகிற கூட்டம். அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் வழிகாட்டல் அடுத்த வாரம் இணையத்தில் ஏறி, அதற்கடுத்த வாரம் உங்களைக் கேட்காமலே பத்து வாகனம் வரும். அப்போது உங்களுக்கு வாடகையும் கிடைக்காது, பழி மட்டும் கிடைக்கும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். ஜீப் லீசிங்கில் இருக்கிறது என்கிறீர்கள். வனச் சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபணமானால், தண்டத்துக்கு மேலே அந்தக் குற்றத்துக்குப் பாவித்த வாகனத்தையும் அரசுடைமையாக்க இடமிருக்கிறது. ஜீப் போனாலும் தவணை போகாது. காசு வாங்கி ஆள் ஏற்றுகிறீர்கள், காப்புறுதிப் பத்திரத்தில் "தனிப்பட்ட பாவனை" என்று இருந்தால், பத்தனையில் ஜீப் புரண்டு யாருக்காவது கால் முறிந்த அன்றைக்கு அந்தக் காகிதம் உங்களுக்கு உதவாது. இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

என்ன தொழில் செய்யலாம் என்றால், உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்கு தோட்டப் பாதை. செங்குத்து, வளைவு, கல், மழைக்கு வழுக்கும். கொழும்புக் கார் ஏறாது, உங்கள் ஜீப் ஏறும். பாதை முடியும் இடம் வரை ஓட்டுங்கள், அங்கிருந்து நடத்திக் கூட்டிப் போங்கள். கண்டியில் தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரைக்கும் போகும் பீக்கோ நடைபாதை 22 கட்டங்களாக, ஏறக்குறைய 320 கிலோ மீற்றர் நீளத்துக்குப் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளிலேயே ஓடுகிறது. நடக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வாகனம் வேண்டும், பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், மத்தியானத்துக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் வேண்டும். அம்மா சுட்டுத் தரட்டும், அதையும் விலைக்கு விடுங்கள். ஓடித்தான் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, நுவரெலியாவில் மூன் பிளேன்ஸ் பக்கம் குறித்த தடத்தில் ஜீப்பில் கூட்டிப் போகிறார்கள், அங்கே அனுப்புங்கள். அதே மாதிரி ஒன்றை உங்கள் பக்கத்திலும் கேட்டு வாங்கலாம். தோட்டத்துக்குள் கைவிட்ட தேயிலைக் காணியும், உடைந்த பழைய வண்டிப் பாதையும் எத்தனை கிடக்கின்றன! ஊற்றுக்குக் கீழே, கல் விரித்த, கான் போட்ட ஒரு பாதையைக் கம்பனியோடு பேசி எழுத்தில் வாங்கினால் நாலு பையன்களுக்குத் தொழிலாகும். வரும் வாடகையில் ஒரு பங்கு தண்ணீர்க் குழாய்க்கு என்று தோட்டத்துச் சங்கத்தோடு பேசிக்கொண்டால், மரம் தானாக விலகும். இதற்குக் காலம் எடுக்கும், தோட்டத்து முகாமையாளர் துரை உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். தனி ஆளாகப் போகாதீர்கள்.

கூடாரக் கூட்டத்துக்கு ஒன்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: மேலே நெருப்பு மூட்டக்கூடாது. ஊவாப் பக்கத்துப் பத்தனை ஆடி, ஆவணிக் காற்றில் எப்படிப் பற்றும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரைக்கும் ஓடிய தடத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மண்ணை வெட்டிப் போட்டு மூடாதீர்கள், முதல் மழையிலேயே போய்விடும். பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு தடவை தடத்துக்குக் குறுக்கே கல்லை அடுக்கி, தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குத் திருப்பிவிடுங்கள். கான் வெட்டிப் பழகிய வயதானவர் ஒருவரைக் கூட்டிப் போனால் எங்கே திருப்பவேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே காட்டுவார். அந்த இடம் வன இலாகாவுடையது என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எச்சரித்துவிட்டுப் போன அதே ஆளிடம் போய்க் கேளுங்கள், அவருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும்.

கடைசியாக, பாதையும் பத்தனையும் யாருடையவை என்பதைக் காகிதத்தில் வாங்குங்கள். முதலில் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவுக்கும், என்னைப் போன்ற வேலையில் இப்போது இருப்பவருக்கும் போங்கள். கூகுள் படத்தில் இடத்தைக் குறித்து, அச்செடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். "நாளைக்கு வாங்க" என்று இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். மூன்று கேள்வி போதும்: இந்தக் காணி எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது, எந்த வர்த்தமானியின்படி, இந்தப் பாதையைப் பராமரிப்பது யார். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தோட்டத்துக் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவையுங்கள். பதில் வந்ததும் வரைபடத்தோடு எனக்கு எழுதுங்கள், எந்தப் பாதையைக் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.